அடுக்களைக்கு ஒரு படம் வரைந்தேன்

பண்டிதன் ஒருவன் அடுக்களையைப் பற்றி எழுதப் புகுந்தால் ‘அட்டில்’ என்ற சொல்லிலிருந்துதான் தொடங்குவான் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பை நான் கெடுப்பதாக இல்லை. அடுதல் என்றால் சமைத்தல். அடுவதற்குரிய இடம் அட்டில். அட்டு எடுத்த உணவு அடிசில். அடுவதற்குத் துணையாவது அடுப்பு. அடுதல் என்பதற்குக் கொல்லுதல், வருத்துதல் என்னும் பொருள்களும் உண்டு. அந்தப் பொருள்களை நான் நிகண்டிலே மனனஞ்செய்து நாற்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. அவை ஏன் சமையலோடு ஒரே சொல்லில் வந்து குடியிருக்கின்றன என்பதை என் வீட்டிலே கண்டுகொண்டது சென்ற ஆண்டில்தான்.

யாழ்ப்பாணத்திலே நாங்கள் அட்டில் என்று சொல்லுவதில்லை, குசினி என்கிறோம். அது போர்த்துக்கேயர் தந்த சொல். அவர்கள் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் என்று வீடு முழுவதிலும் தங்கள் சொற்களைப் பரப்பிவிட்டுப் போனார்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அறைக்குப் பெயர் மாறியதேயன்றி, அறைக்குள்ளே இருந்த அடுப்பு, அம்மி, அகப்பை, சுளகு, உறி ஒன்றுக்கும் பெயர் மாறவில்லை. அவற்றைக் கையாண்டவர்கள் பறங்கியரோடு கதைத்துப் பழகவில்லைப் போலும்.

இது நிற்க. சென்ற ஆண்டு மாசி மாதத்திலே எங்கள் கலாசாலையில் பண்டித வகுப்புக்குக் குறுந்தொகை பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடலூர் கிழார் பாடிய நூற்றறுபத்தேழாம் பாட்டு. புதிதாக இல்லறம் ஏற்ற பெண் தன் கையாலே மோர்க்குழம்பு போல ஒன்றைச் சமைத்துக் கணவனுக்குப் படைக்கிறாள். தாளிதப் புகை அவள் கண்ணை மூடுகிறது. அவன் உண்டு நன்றென்கிறான். அவள் முகம் மலர்கிறது. செவிலி இதைக் கண்டுவந்து நற்றாய்க்குச் சொல்லுகிறாள். இந்தப் பாட்டைக் கால் நூற்றாண்டுக்கு மேலாக நான் ஒரே விதமாகவே சொல்லிவந்திருக்கிறேன். இல்லறத்தின் இனிமை, மகிழ்ச்சியை அடக்கிக் காட்டும் பெண்மை, புகைபட்ட கண்ணிலும் தோன்றும் அழகு என்று வரிசையாக விரித்துச் சொல்லுவேன். மாணவர்களும் வரிசையாக எழுதிக்கொள்ளுவார்கள்.

அன்று ஒரு மாணவி எழுதாமல் இருந்தார். பிறகு எழுந்து, “ஐயா, அந்த வீட்டுக்குப் புகைக்கூடு இல்லையா?” என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. “பாட்டிலே புகைக்கூடு தேடுகிறவர்கள் மேசன் வேலைக்குப் போகலாம்” என்று நான் சொன்னேன். வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தது. அவர் இருந்துவிட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, தேநீர் கேட்பதற்காகக் குசினி வாசலுக்குப் போனேன். மாசிப் பனியில் நனைந்த தென்னம் பாளை புகைந்துகொண்டிருந்தது. என் மனைவி குனிந்து ஊதுகுழலால் ஊதுகிறார், இருமுகிறார், சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைக்கிறார், மறுபடியும் ஊதுகிறார். அந்த இருமல் எனக்குப் புதியதன்று. இரண்டு ஆண்டுகளாக இரவிலும் கேட்கிறது. விறகுப் புகையை விடவேண்டும் என்று மருத்துவர் சொல்லியும் இருந்தார். நான் தலையசைத்துவிட்டு வந்தவன். வீட்டுக்குள்ளே எரிகிற அடுப்பின் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகத்திலே 32 இலட்சம் பேர் அகாலத்தில் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கண் சிவந்த அந்தக் குறுந்தொகைப் பெண்ணை நான் கால் நூற்றாண்டு பாராட்டியிருக்கிறேன். தேநீர் கேளாமல் திரும்பி வந்தேன். ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, அதன் பின்புறத்திலே அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறத் தொடங்கினேன்.

எங்கள் வீடு பாட்டனார் 1938 இல் கட்டியது. வடக்கு வாசல். சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர், ஓட்டுக் கூரை. குசினி வீட்டோடு ஒட்டாதது. வீட்டின் பின்புறத்திலே, தென்கிழக்கு மூலையில், 12 அடி தள்ளித் தனியே நிற்கிறது. தள்ளி நிற்பதற்குக் காரணம் எளிது. ஓலைக் கூரைக் காலத்துக் குசினியிலே தீப்பிடித்தால் குசினியோடு போகட்டும் என்பதே. தென்கிழக்கில் நிற்பதற்குச் சாத்திரம் சொல்லும் காரணம், அஃது அக்கினி மூலை என்பது. அந்த மூலை வாய்க்காவிட்டால் வாயு மூலையாகிய வடமேற்கு ஆகும் என்றும் சொல்லுவார்கள். இதனை நான் வெறும் நம்பிக்கை என்று தள்ளியிருந்தேன். படம் வரையும்போதுதான், நம் ஊர்க் காற்றோடு வைத்துப் பார்த்தேன். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். வாடை வடகிழக்கிலிருந்து வீசும். ஆண்டின் பெரும்பகுதியில் காற்று இந்த இரண்டு மூலைகளுக்கும் இடையேதான் போய்வருகிறது. ஆகவே புகை வீட்டுக்குள் புகாமல் இருக்க வேண்டுமானால், அடுப்பு மற்ற இரண்டு மூலைகளில் ஒன்றிலே இருக்க வேண்டும். அவை தென்கிழக்கும் வடமேற்கும். சாத்திரம் எந்த நாட்டுக் காற்றைக் கண்டு எழுதப்பட்டதோ, எங்கள் வளவுக்கு அது பொருந்திவந்தது. பாட்டனாரை மனத்தால் வணங்கிக்கொண்டேன்.

வணங்கினேனே ஒழிய, அந்த 12 அடியை மன்னிக்க முடியவில்லை. சோறும் கறியும் குசினியில் ஆகின்றன, உண்பது வீட்டிலே. என் மனைவி ஒரு நாளைக்கு அந்த இடைவெளியை இருபது முறை கடப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அதற்கு மேலேயே இருக்கும். எங்களுக்கு மணமாகி 28 ஆண்டுகள். கணக்குப் பார்த்தேன், ஏறக்குறைய 750 கிலோமீற்றர் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நடந்து போய், திரும்பி வரும் வழியில் சாவகச்சேரியைத் தாண்டாமல் நிற்கும் தூரம். அதிலே கார்த்திகை, மார்கழி மழைக்குள், ஒரு கையிலே குடையும் மறு கையிலே குழம்புச் சட்டியுமாக நடந்தது எத்தனை கிலோமீற்றர் என்று நான் கணக்கிடவில்லை.

ஆகவே என் முதற்படம் சுருக்கமானது. பழைய குசினியை இடித்துவிடுவது. வீட்டின் பின்சுவரையும் எடுத்துவிடுவது. அங்கே ஒரே பெரிய அறையாக, சுவர் இல்லாமல், சமைக்கும் இடமும் உண்ணும் இடமும் இருந்து கதைக்கும் இடமும் சேர அமைப்பது. கொழும்பிலிருக்கும் மகள் இப்படிப்பட்ட அறைகளின் படங்களைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று, ஒரு சட்டிகூடக் கரிபிடியாமல் இருந்தன. நானும் விடாமல் இதைப்பற்றி வாசித்தேன். வாசித்தவற்றுள் ஒன்றை இங்கே சொல்லவேண்டும்.

இன்றைய குசினிகளுக்கெல்லாம் தாய் என்று சொல்லத்தக்கது 1926 இல் ஜேர்மனியின் பிராங்போட் நகரிலே பிறந்தது. அதனை வரைந்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிகொட்ஸ்கி என்னும் வியன்னா நகரத்துப் பெண் கட்டடக் கலைஞர். புகைவண்டியில் உணவு சமைக்கும் சிறு பெட்டியை மாதிரியாகக் கொண்டு, சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை விநாடி செலவிடுகிறார் என்று அளந்து, 1.9 மீற்றர் அகலமும் 3.44 மீற்றர் நீளமும் உள்ள ஓர் அறையை அமைத்தார். தொழிலாளர் குடியிருப்புகளிலே ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது வைக்கப்பட்டது. வீண்நடை ஒழிந்தது உண்மை. ஆனால் அந்த அறைக்குள்ளே ஒருவருக்கு மேல் நிற்க முடியாது. பிள்ளைகள் ஓரிடம், தாய் ஓரிடம். அந்தக் குறையைக் கண்ட பின்வந்தோர்தான் சுவரை எடுக்கத் தொடங்கினார்கள். இந்த அம்மையார் நாஜிகளை எதிர்த்து 1941 முதல் 1945 வரை சிறையிலிருந்தவர். நூறாண்டு கடந்து வாழ்ந்து 2000 ஆம் ஆண்டிலே மறைந்தவர். அந்தக் குசினியை வரையுமுன் தாம் சமைத்ததே இல்லை என்று முதுமையிலே ஒளிக்காமற் சொன்னார். அதை வாசித்தபோது எனக்கு ஒரு துணிவு பிறந்தது. பிறந்திருக்கக் கூடாது.

அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தார் 1940களிலே கண்ட முக்கோண விதியையும் பிடித்துக்கொண்டேன். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பொருள்களைக் காக்கும் குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் கூடி 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்பது அது. என் முக்கோணம் 19 அடியாக வந்தது. யாப்பிலே தளை தட்டாத வெண்பா ஒன்றை முடித்தவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சியோடு அதனை மனைவியிடம் காட்டினேன்.

அவர் வினாத்தாளை வாங்கி, ஒருமுறை தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

“இதிலை எல்லாரும் நிண்டுகொண்டெல்லோ சமைக்கினம். தேங்காய் எங்கை இருந்து திருவிறது? இடியப்பம் ஆர் நிண்டுகொண்டு பிழியிறது?”

எனக்கு மறுமொழி வரவில்லை. மேல்நாட்டுக் குசினி முழுவதும் நிற்பவருக்காக அமைந்தது. நம்முடைய குசினியோ பாதி நிற்பது, பாதி இருப்பது. திருவலையில் இருந்துதான் தேங்காய் திருவ வேண்டும். இடியப்ப உரலை மேலிருந்து அழுத்துவதற்குத் தோளின் பாரம் இறங்கவேண்டும். இடுப்புக்கு மேலே உயர்ந்த மேடையில் வைத்தால் கை மட்டும் வேலை செய்யும், விரைவிலே ஓயும். அன்றிரவு நூலும் அடிமட்டமுமாக அவருடைய அளவை எடுத்தேன். மணமாகி 28 ஆண்டுகளில் அவர் முழங்கை நிலத்திலிருந்து 37 அங்குல உயரத்தில் இருக்கிறது என்பதை முதன்முதல் அறிந்தேன். வெட்டுவதற்கும் அரிவதற்கும் ஏற்ற மேடை முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருக்கவேண்டும். மேல்நாட்டார் வழக்கமாக வைக்கும் 36 அங்குல மேடை அவருக்கு ஆகாது. 33 அங்குலம் என்று முடிவு செய்தோம். பிழிவதற்கும் குழைப்பதற்கும் 28 அங்குலத்தில் ஒரு பகுதி. யன்னலுக்குக் கீழே, சுவரோடு சேர்த்து 16 அங்குல உயரத்தில் ஒரு குந்து. அதிலே திருவலையும் வைக்கலாம், கீரை ஆய்பவரும் இருக்கலாம். முதற்படம் இவ்வளவில் கிழிந்தது.

இரண்டாவது படத்தைக் காட்டியபோது வந்த கேள்வியை நான் எந்த நூலிலும் வாசித்ததில்லை.

“சுவர் ஒண்டும் இல்லை. சரி. எனக்கு உங்களிலை கோபம் வந்தால் நான் எங்கை போறது?”

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாற் கேள்வி சிரிப்பன்று. நற்றிணையில் மாங்குடி கிழார் பாடிய நூற்றிருபதாம் பாட்டு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அங்கே தலைவி கணவனோடு ஊடியிருக்கிறாள். அவள் நிற்குமிடம் அட்டில். மீன் அரிகிறாள், கண்ணிலே புகை, நெற்றியிலே வியர்வை. கணவன் கிட்டப் போகத் துணியாமல், விருந்தினர் யாராவது வந்தால் இவள் ஊடலை மறைத்துச் சிரிப்பாளே என்று ஏங்குகிறான். விருந்தோம்பலின் சிறப்பு என்று நான் இதை விளக்குவேன். விருந்தோம்பல் உண்மைதான். ஆனால் அவள் அட்டிலிலே நிற்பதற்குச் சமையல் ஒன்றுதானா காரணம்? ஊடிய பெண் போய் நிற்பதற்கு அந்த வீட்டிலே அவளுக்கென்று இருந்த வேறோர் இடம் யாது? கணவனுக்கு மன்றம் உண்டு, தெரு உண்டு, தோழர் வீடு உண்டு. எனக்குக் கலாசாலை உண்டு. அவருக்கு இருந்ததோ புகை நிறைந்த ஒரு பத்தடி அறை. அதையும் நான் ‘திறந்த குசினி’ என்று சொல்லித் திறந்துவிடப் பார்த்தேன்.

இந்த ஒரு கேள்வியால் பழைய குசினி பிழைத்தது. அது இடிபடாது. அதற்கும் வீட்டுக்கும் இடையே கிடந்த அந்த 12 அடிதான் புதிய அறையாக வேண்டும். கிழக்கு மேற்காக 20 அடி நீளம். நடந்து தேய்ந்த நிலத்துக்கே கூரை போடுவது. பழைய குசினிக்குப் போகும் வாசலுக்கு ஒரு கதவு. கதவுக்கு உட்பக்கத்திலே தாழ்ப்பாள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று மேசன் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் அவர் சொல்லிவிட்டார்.

விறகடுப்பைப் பழைய குசினியிலே வைத்திருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. எரிவாயுவை நம்பி விறகடுப்பை இடித்தவர்கள் 2022 இல் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வீதியோரங்களிலே வெற்று உருளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு நாட்கணக்கிற் காத்திருந்தோம். மாடிவீட்டார் முற்றத்திலே மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். 1990களில் மண்ணெண்ணெய்க்கு இருந்த தடையை அனுபவித்த யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிய பாடமும் அன்று. நாள்தோறும் சமைப்பதற்கு எரிவாயு அடுப்பு புதிய அறையிலே. கூழ் காய்ச்சவும், மீன் பொரிக்கவும், பெருஞ்சமையலுக்கும், எரிவாயு இல்லாத காலத்துக்கும் விறகடுப்பு பழைய அறையிலே. கொழும்பில் சில வீடுகளிலே விருந்தினர் காண்பதற்குப் பளபளப்பான ஒரு குசினியும், வேலைக்காரப் பெண் வெந்து சமைப்பதற்குப் பின்னாலே இருட்டறை ஒன்றும் கட்டியிருக்கக் கண்டிருக்கிறேன். அதை நான் ஒப்பவில்லை. எங்கள் பழைய குசினிக்கு இரண்டு யன்னல் புதிதாக வெட்டப்போகிறோம். நிலத்து அடுப்பை 24 அங்குலம் உயர்த்தி, மேலே புகைக்கூடு கட்டப்போகிறோம். கூடு முகட்டுக்கு மேலே இரண்டடி உயரவேண்டும். இல்லாவிட்டால் கூரையில் மோதித் திரும்பும் காற்றுப் புகையை உள்ளே அமுக்கும்.

இங்கே ஒரு சொற்பொருள் விளக்கம் வேண்டும். குறுந்தொகைப் பெண்ணின் கண்ணை மூடியது விறகுப் புகையன்று, குய்யின் புகை. குய் என்றது தாளிதம். விறகை ஒழித்தாலும் குய் ஒழியாது. சுவரில்லாத அறையிலே கடுகும் செத்தல் மிளகாயும் வெடித்தால், முன் அறையில் இருக்கும் விருந்தினரும் தும்முவார். ஆகவே எரிவாயு அடுப்பைக் கிழக்குச் சுவரோடு வைத்து, அதற்கு நேர் மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று வைத்தோம். சோளகக் காலத்திலே மேற்கு யன்னலால் வரும் காற்றே புகையைக் கிழக்கே கொண்டுபோய்விடும். வாடைக் காலத்தில் அந்த உதவி இல்லை. அப்போது பொரியல் வேலை கதவடைத்த பழைய குசினிக்கு. காற்றோடு இப்படி ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளாமல் நம் நாட்டிலே சுவரை எடுக்கக் கூடாது.

இவ்வளவு பேச்சும் நடக்கும்போது என் தாயார் விறாந்தை வாங்கிலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு 82 வயது. அந்தக் குசினியில் எல்லாரையும்விட நீண்டகாலம் புகை குடித்தவர் அவரே. “அம்மா, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே” என்று கேட்டேன்.

“தம்பி, எனக்கு உந்தப் பிளான் ஒண்டும் விளங்காது” என்றார். சிறிது நேரம் சென்றபின், “இடம்பெயர்ந்து போய் மாமரத்துக்குக் கீழை சமைச்சம். அப்பதான் நான் எல்லாரோடையும் இருந்து சுடச்சுடச் சோறு திண்டனான்” என்றார்.

1995 ஒக்ரோபர் முடிவிலே வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் போனது. எங்களுக்குக் கொடிகாமத்துக்கு அருகே ஒரு வளவிலே மாமரத்தின் கீழ் இடங்கிடைத்தது. ஆறு குடும்பம், ஆறு அடுப்பு, சுவரென்று ஒன்றும் இல்லை. மழை. அந்த மாதங்களை நான் எங்கள் வாழ்க்கையின் மிகத் தாழ்ந்த காலமாகவே நினைவில் வைத்திருக்கிறேன். அதற்குள்ளே என் தாயார் இப்படி ஒன்றை எடுத்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தேன். வீட்டிலே அவர் எங்களோடு இருந்து உண்டதை நான் கண்டதில்லை. தகப்பனாருக்கும் பிள்ளைகளுக்கும் படைத்து, குசினியிலே பலகையில் இருந்து, ஆறின சோற்றைத் தனியே உண்பார். பிறகு அந்தப் பலகை என் மனைவிக்கு வந்தது. அதையும் நான் கண்டிருக்கிறேன். கண்டு ஒன்றும் சொன்னதில்லை.

மூன்றாவது படம் அந்தச் சோற்றிலிருந்து வரையப்பட்டது. முன்னைய படங்களிலே அடுப்பு எங்கே, தொட்டி எங்கே என்று தொடங்கினேன். இப்போது மேசையை முதலில் வைத்தேன். ஆறு பேருக்கு ஒரு மேசை. சமைப்பவர் திரும்பினால் இரண்டு எட்டில் மேசை எட்டவேண்டும். அரியும்போது அவர் முகம் சுவரைப் பாராமல் மேசையில் இருப்பவரைப் பார்க்கவேண்டும். ஆகவே அரியும் மேடை அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே வந்தது. அடுப்புக்கும் மேடைக்கும் இடைவெளி 4 அடி; இருவர் முதுகு உரசாமல் நிற்கலாம், அந்த இருவருள் ஒருவன் நானாகவும் இருக்கலாம். மேடையின் மேசைப்பக்க விளிம்பை 6 அங்குலம் உயர்த்தியதனால், இருந்து உண்பவருக்கு மேடையிற் கிடக்கும் தோலும் சட்டியும் தெரியா. இந்த 6 அங்குலம் மகளின் யோசனை. தொட்டி தெற்கு யன்னலின் கீழ். அதன் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் கோடிப்புறத்து வாழைகளுக்கு ஓடும். நம் சுண்ணாம்புக் கல் நிலத்திலே ஊற்றிய தண்ணீர் எந்தக் கிணற்றிலே போய்த் தோன்றும் என்று சொல்ல முடியாது. வாழை குடித்துவிடுவதே நல்லது. தாயாரின் இடம் குந்து. அதற்கு முன்னாலே மேசையின் தலைப்பு வருகிறது. முக்கோணத்தைப் பிறகுதான் அளந்தேன், 17 அடி.

மேசன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பின்சுவர் முழுவதையும் எடுக்கலாம் என்ற என் எண்ணத்தை ஒரே சொல்லிலே முடித்தார். “வளை முழுக்க இந்தச் சுவரிலைதான் கிடக்குது, ஐயா.” ஆகவே 7 அடி அகலத்தில் மட்டும் வாசல்; மேலே கம்பி போட்ட சீமெந்து விட்டம். முட்டுக் கொடுக்காமல் ஒரு கல்லும் எடுக்கமாட்டேன் என்றார். பின்புறத்தில் அறை சேர்ப்பவர்கள் அனைவரும் மறந்துபோகும் மற்றொன்றையும் அவரே காட்டினார். புதிய கூரை வந்தால் வீட்டின் பின்னறை யன்னல் அடைபட்டு அந்த அறை இருண்டுபோகும். அங்குதான் என் புத்தகங்கள் இருக்கின்றன. அந்த யன்னலுக்கு நேரே 5 அடியைக் கூரை போடாமல் சிறு முற்றமாக விட்டோம். நாற்சார வீடு கட்டிய முன்னோர் நடுவிலே முற்றம் விட்டது இதற்காகத்தான். புதிய கூரையின் மேல்விளிம்பைப் பழைய இறப்புக்கு ஓரடி கீழே வைத்தால் மேற்கூரை நீர் கீழ்க்கூரையில் விழுந்து ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே பீலி வேண்டியதில்லை. பீலி வைத்த வீடுகள் எல்லாம் மார்கழியில் ஒழுகும் என்பது அவர் அனுபவம். செலவைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். கடன் தந்தவர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்கள்.

புகைக்கூடு கேட்ட மாணவியிடம் வகுப்பிலே எல்லாருக்கும் கேட்க, “நீர் கேட்டது சரியான கேள்வி, நான் சொன்னது தவறான மறுமொழி” என்று சொன்னேன். கூடு முகட்டுக்கு மேல் இரண்டடி உயரப்போவதையும் சொன்னேன். “நல்லது ஐயா” என்றார். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவில்லை.

சென்ற சனிக்கிழமை மேசன் முளை அடித்துக் கயிறு கட்டினார். வெறும் நிலத்திலே கயிற்றால் ஓர் அறை தெரிந்தது. என் மனைவி கையில் ஒரு சுளகோடு உள்ளே போய், மேடை வரப்போகும் இடத்திலே நின்றார், அடுப்பின் பக்கம் திரும்பினார், மேசையின் பக்கம் திரும்பினார், குனிந்து நிமிர்ந்தார். பிறகு தெற்குக் கயிற்றை ஒரு முழம் வெளியே தள்ளச் சொன்னார். தள்ளினால் கோடிப்புறத்து வாழையில் ஒன்றை வெட்டவேண்டும் என்றார் மேசன். அது குலை தள்ளி நிற்கும் வாழை. குலை முற்ற இன்னும் மூன்று கிழமை செல்லும். மேசனுக்கும் அதுவரை வேறிடத்தில் வேலை இருக்கிறது.